எலி கடித்த உருமால்

நொய்யல் ஆற்றங்கரையில் ஒரு ஊர். அந்த ஊரை ஆண்டவர் வேலப்பர். அவருக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. தம்பி ஒருத்தன் இருந்தான், மாரப்பன் என்று பெயர். தங்கை ஒருத்தி இருந்தாள், குயிலாத்தாள். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். வருசா வருசம் ஆடி நோன்புக்குப் பிறந்த வீடு வருவாள். வந்தால் பெரியண்ணன் புதுச்சேலை எடுத்துக் கொடுப்பார்.

அந்த ஊரில் ராசாவுக்குக் கிரீடம் கிடையாது, தெரிந்துகொள்ளுங்கள். ஏழு தலைமுறையாகத் தலையில் கட்டி வந்த ஒரு வெள்ளைத் தலைப்பாகை. அதை உருமால் என்பார்கள். அது யார் தலையில் ஏறுகிறதோ அவன்தான் ராசா. பழைய ராசா செத்தால் பதினாறாம் நாள் சோறு வைக்க வேண்டும், அதைக் காக்கா தொட வேண்டும், அதற்குப் பிறகுதான் உருமால் கட்டு. வீட்டுப் பெண் எடுத்துக் கட்டுவாள்.

வேலப்பருக்கு ஒரு பழக்கம். மத்தியானம் தெற்குக் காட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து, முதல் கவளத்தைக் காக்காய்க்கு வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். காக்காயும் அவர் உருமாலைத் தூரத்தில் பார்த்ததுமே இறங்கி வந்துவிடும்.

அந்த வருசம் ஆடி வந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் நெசவாளி தறியிலிருந்து சேலையை அறுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். மாந்துளிர் நிறம். அப்படி ஒரு நிறத்தை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. மறுநாள் காலையில் குயிலாத்தாள் அதைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அண்ணன் வெளியே கிளம்பினார். பார்த்தால் உருமாலின் ஓரத்தில் எலி கடித்து ஒரு ஓட்டை.

"நில்லுங்கண்ணா, ஓட்டையோட போனா ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகுது அம்மிணி. எலிக்கும் ராசா ஆகோணும்னு ஆசை இருக்காதா?"

அவள் விடவில்லை. தன் புதுச்சேலை முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவி, ஊசியில் கோத்து, அந்த ஓட்டையைத் தைத்துக் கொடுத்தாள். அவரும் கட்டிக்கொண்டு போனார்.

மாடு பார்க்கச் சந்தைக்குப் போவதாகச் சொல்லியிருந்த மாரப்பன், சந்தைக்குப் போகவில்லை. கிணற்றடியில் நின்றான். தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது பாருங்கள் என்றான். அண்ணன் குனிந்தார். "அண்ணா, உருமால் தண்ணியில விழுந்துரும், இப்படிக் குடுங்க" என்றான். அவரும் கழற்றித் தம்பி கையில் கொடுத்தார். கொடுத்தவரைப் பிடித்துத் தள்ளிவிட்டான். பூவரச மரத்தில் காக்கா உட்கார்ந்திருந்தது. மனுசர் யாரும் பார்க்கவில்லை.

கால் தவறி விழுந்துவிட்டார் என்று ஊர் அழுதது. உருமாலும் சேற்றோடு போய்விட்டது என்று அழுதது. எல்லாரையும்விடச் சத்தமாக மாரப்பன் அழுதான்.

பதினாறாம் நாள் வந்தது. மாரப்பன் நெய்ச்சோறு வைத்தான். காக்கா வரவில்லை. பதினேழாம் நாள் வடையும் பாயசமும் வைத்தான். வந்தது, மரத்தில் உட்கார்ந்தது, அவன் மூஞ்சியைப் பார்த்தது, கத்திவிட்டுப் போய்விட்டது. பதினெட்டாம் நாள் ஆட்டு ஈரலே வைத்தான். காக்காக் கூட்டமே வந்து அவன் தலையில் கொத்திவிட்டுப் போனது. ஊர் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தது. செத்தவர் மனசில் என்னவோ இருக்கிறது என்றார்கள்.

சமையல்காரன் பொங்கான் கொஞ்சம் வெகுளி. அவன் சொன்னான்: "சாமி, கோவிச்சுக்காதீங்க. காக்காய்க்கு உங்க மூஞ்சி புடிக்கல. பெரியவர் உருமால் இருந்தா அதைக் கட்டிட்டு நின்னு ஏமாத்திப்புடலாம். அதுதான் கிணத்தோட போயிருச்சே."

அவன் வருத்தப்பட்டுச் சொன்னான். மாரப்பனுக்கு அதுவே வழியாகத் தெரிந்தது. அவசரப்படுகிறவன் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். மறுநாள் உருமாலைக் கட்டிக்கொண்டு வந்து சோறு வைத்தான். காக்கா பார்த்தது, பழைய ஆள்தான் என்று நினைத்தது, இறங்கியது, ஒரு வாய் எடுத்தது.

ஊருக்கு ஒரே சந்தோசம். உருமால் எங்கே இருந்தது என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அதைக் கழற்றிக் குயிலாத்தாள் கையில் கொடுத்து, கட்டு அம்மிணி என்றார்கள்.

அவள் வாங்கினாள். ஓரத்தில் அவள் விரல் பட்டது. மாந்துளிர் நூல்.

அவளுக்கு மிச்சம் இருக்கிற கூடப்பிறப்பு இவன் ஒருத்தன்தான். வாயைத் திறந்தால் பிறந்த வீடே இல்லை. மூடிக்கொண்டால் பெரியண்ணனுக்குக் கேட்க நாதி இல்லை. அவள் என்ன செய்வாள், சொல்லுங்கள்?

மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, இது எப்ப உங்க கைக்கு வந்துச்சு?"

"அவர் சாகறதுக்கு நாலு நாளைக்கு முன்னாடியே குடுத்துட்டாரு. துக்கத்துல மறந்துட்டேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னிக்கு அவர் தலையில இருந்தது இது இல்லீங்களா?"

"அது வேற துணி. இது என் பெட்டியிலதான் இருந்துச்சு."

"கடைசியாக் கேக்கறேன். நாம மூணு பேரும் ஒரு வயித்துல பொறந்தவங்க. என் காதோட சொன்னாலும் போதுமுங்கண்ணா."

"நேரம் போகுது, கட்டு."

அவள் கட்டவில்லை. உருமாலையும் முந்தானையையும் சேர்த்துப் பிடித்து ஊருக்குக் காட்டினாள். நூல் உருவிய இடம் தெரிந்தது. நெசவாளியைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து, இது நான் போட்ட சாயம், அவர் செத்த அன்றைக்கு முந்தின சாயங்காலம்தான் தறியை விட்டு இறங்கியது என்றான். நாலு நாளைக்கு முன்னால் அந்த நூல் உருமாலில் எப்படி ஏறும்?

அதே கிணற்றில் தள்ளுவோம் என்றது ஊர். குயிலாத்தாள் வேண்டாம் என்றாள்.

"கிணத்தடியிலயே உக்காரட்டும். வெறுந்தலையோட தினம் சோறு வைக்கட்டும். என்னிக்குக் காக்கா இவர் கைச்சோத்தைத் தொடுதோ, அன்னிக்கு ஊருக்குள்ள வரட்டும்."

உருமாலை ஊர் அவள் கையிலேயே கொடுத்தது. அவள் அதைப் பலகை மேல் வைத்துவிட்டு, கீழே பாய் போட்டு உட்கார்ந்து ஊரை ஆண்டாள். தினமும் தன் கையால் சமைத்துக் கிணற்றடிக்கு இரண்டு பங்கு அனுப்புவாள். ஒன்று காக்காய்க்கு, ஒன்று அண்ணனுக்கு. ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவும் இல்லை. ஆடி நோன்பு வந்தால் அந்த மாந்துளிர்ச் சேலையைத்தான் கட்டுவாள். புதுச்சேலை எடுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

காக்காய்க்கு ஒரு மூஞ்சியைப் பார்த்தால் மறக்காது. அது குஞ்சுக்குக் காட்டிக்கொடுக்கும். குஞ்சு அதன் குஞ்சுக்குக் காட்டிக்கொடுக்கும். மாரப்பனுக்குத் தலை நரைத்தது, முதுகு வளைந்தது, கண் மங்கியது. கடைசிவரைக்கும் அவன் வைத்த சோற்றில் ஒரு பருக்கையைக்கூடக் காக்கா தொடவில்லை.

கூடப்பிறந்தவரைத் தள்ளினவனை மனுசர் மறக்கலாம். மறக்காத ஒன்று மரத்தில் உட்கார்ந்திருக்கும்.

சோறு கல்லிலே, காக்கா கிளையிலே, கதை உங்கள் காதிலே.