மேல்மலை ரத்தம்

“டாக்டருங்க எங்களை அவமானப்படுத்திட்டாங்க, அம்மா.”

சடையன் வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். மேல்மலை ஊருக்குத் தலைவர் அவர். கோதையம்மையைக் குருவாக ஏற்று, மலையடிவாரத்துக் குடிலுக்கு வந்துபோகிறவர்.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அப்படி என்ன பண்ணிட்டாங்க?”

“போன வருஷம் வந்து ரெண்டு மலை ஜனத்துகிட்டயும் ரத்தம் எடுத்தாங்க. பரம்பரையா வர்ற சோகை யார் யாருக்கு இருக்குன்னு பார்க்கவாம். இப்ப ஊரைக் கூட்டி வச்சுச் சொல்றாங்க, மேல்மலையும் கீழ்மலையும் ஒரே மூதாதை வழியாம். எங்க ஊருக்குள்ளேயே ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம்கூட எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல இல்லையாம். கேட்டதுலேருந்து உடம்பெல்லாம் எரியுது.”

“இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கு என்ன நஷ்டம்?”

“என் பொண்ணு மாதி, கீழ்மலைப் பையனைத்தான் கட்டுவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. அறையில போட்டுப் பூட்டிட்டு வந்திருக்கேன்.”

கீரை ஆய்ந்த கை நின்றது.

ஞானிக்குக் கோபம் வராது என்று சொல்கிறவர்கள் கோதையம்மையைப் பார்த்ததில்லை. கோபம் வந்தால் அவள் குரல் தணிந்துவிடும்.

“நேத்து வரைக்கும் என்ன சொல்லி மறுத்தே?”

“அவன் வேற ரத்தம்னு.”

“இப்ப ஒரே ரத்தம்னு ஆயிடுச்சே. கட்டிக் கொடு.”

“அதெப்படி, அம்மா? ஒரே ரத்தம்னா பங்காளி ஆச்சே. அண்ணன் தங்கச்சி முறை. யாராவது கட்டுவாங்களா?”

சொல்லிவிட்டு, வழக்கில் ஜெயித்தவரைப்போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். வேறு ரத்தம் என்றாலும் பூட்டு, ஒரே ரத்தம் என்றாலும் பூட்டு. எப்படியும் உள்ளே கிடப்பது அந்தப் பெண்தான்.

“நீ யாரைக் கட்டினே?”

“என் தாய்மாமன் மகளை.”

“அங்கே ரத்தம் ஒண்ணில்லையா?”

“அவ முறைப்பொண்ணு. முறை இருந்தா ரத்தம் குறுக்கே வராது.”

“அப்ப ரத்தம் தடுக்கலை. முறைதான் தடுக்குது.”

“ஆமா.”

“கீழ்மலைக்காரங்க உனக்குப் பங்காளி முறை. உறுதியா?”

“உறுதி, அம்மா.”

அம்மை வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே கீழ்மலை நஞ்சன் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

“நஞ்சா, உங்க ஊர்ல போய்ச் சொல்லு. மேல்மலை ஊத்துல இனி உங்களுக்குச் சரிபாதி. தலைவரே உங்களைப் பங்காளின்னு ஒத்துக்கிட்டார். பங்காளிக்குப் பங்கு உண்டில்ல?”

கோடையில் ஒரு குடம் தண்ணீருக்காகக் கீழ்மலைப் பெண்கள் அந்த ஊற்றடியில் கால்கடுக்க நின்று வசவு வாங்குவார்கள். நஞ்சனின் மனைவியும் வாங்கியிருக்கிறாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

“அம்மா, அவனை நிறுத்துங்க.”

“ஏன்? பொண்ணு கேட்டா ஒரே ரத்தம், தண்ணி கேட்டா வேற ரத்தமா?”

சடையன் நடந்துபோகிற நஞ்சனை எட்டிப் பார்த்தார்.

“பங்காளி வேண்டாம். மச்சான் முறையாவே இருக்கட்டும்.”

அம்மை நஞ்சனைக் கூப்பிட்டு நிறுத்தினாள். “அப்ப போய்ப் பூட்டைத் திற, சடையா.”

எழுந்தார். படி இறங்கியவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“மச்சான் முறைன்னா தண்ணி கேட்க மாட்டாங்கதானே, அம்மா?”

அம்மை மறுபடி கீரையை எடுத்தாள்.

“உன் பேரன் வந்து கேட்பான்.”