முதலாளி காட்டிய கேம்ஷாஃப்ட்

தன் பழைய கார் ரேஸில் ஓடியது என்று மில் முதலாளி சென்னியப்பன் கோவை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் அங்காத்தாள், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டைக் காட்டி, "மேடெல்லாம் தாழ்வா இருக்குதுங்க, ரேஸ் வண்டின்னா உசரமா இருக்கும். இது சாதாரணக் கேம்ஷாஃப்ட்" என்றாள். மறுநாளே அவர் இன்ஸ்பெக்டரோடு வந்து நின்றார்.

"ரேஸ் கேம்ஷாஃப்டை இவ திருடிட்டா. கூட்டிட்டுப் போங்க."

அங்காத்தாள் உள்ளே போய் மூன்று கேம்ஷாஃப்டுகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"கடையில இருக்கறது இவ்வளவுதானுங்க. உங்களுது எதுன்னு காட்டுங்க."

முதலாளி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, இருப்பதிலேயே நீளமானதைத் தூக்கினார்.

"இதேதான். எனக்குத் தெரியாதா?"

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "ஏறும்மா ஜீப்புல."

"ஏறுறேனுங்க. அதுக்கு முந்தி அதை அந்த எஞ்சின்ல ஒருக்கா வெச்சுப் பாருங்க."

பிரித்துக் கிடந்த எஞ்சின்மேல் இன்ஸ்பெக்டரே வைத்தார். அது ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"அது லாரியோடதுங்க" என்றாள் அங்காத்தாள்.

இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார். "உங்களுது எதுன்னே தெரியல. அப்புறம் திருடு போனது மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?"

சென்னியப்பன் அதை எடுத்து மறுபடி மேஜைமேல் வைத்தார். பிறகு அங்காத்தாளிடம் சொன்னார்: "இருந்ததையே மாட்டிருங்க."