வெந்நீர் ராஜாவின் மண்கூடை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வெட்கப்படத் தெரிந்திருந்த நல்ல நாளில், ஒரு மலைநாட்டு மன்னருக்கு வெந்நீர்க் குளியல் பைத்தியம் பிடித்தது. அரண்மனையில் தினமும் நூறு கொப்பரை கொதித்தது. மன்னருக்குப் பத்து, அங்கேயே குடியிருந்த மந்திரிமாருக்குத் தொண்ணூறு. அடுப்புக்கு மலைக்காடு முழுவதும் போயிற்று.

அதற்கு முன்பெல்லாம் மழைக்கு மரியாதை தெரியும். ஐப்பசி பிறந்தால் நாட்டு எல்லையில் நின்று, தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே வரும். மன்னரைச் சிரிக்கவைக்கும் அரண்மனை விகடன் வேலாண்டி சின்ன வயதில் கண்ட மழை அதுதான். மலை மொட்டையானதும் மரியாதையும் போயிற்று. மழை வெள்ளமாய் உருண்டு இறங்கி, கடலோர மணற்குடிக்குள் நேரே புகுந்தது.

நண்டு பிடிக்கும் செம்பாயி சபைக்கு வந்தாள்.

“சாமி, போன வருச வெள்ளத்துல நாப்பது வீடும் போச்சு. திரும்பக் கட்டிக்கிட்டு இருக்கோம். தரையை ரெண்டு முழம் உசத்திட்டா பொழைச்சுக்குவோம். ஐப்பசிக்கு ஒரு மாசந்தான் இருக்கு. மண்ணு சுமக்க ஆளு குடுங்க.”

முதன்மந்திரி மருதப்பிரான் எழுந்தார். “மன்னா, ஓர் ஊருக்கு மட்டும் உதவுவது நீதியாகாது. நாட்டிலுள்ள ஒவ்வொரு வீட்டாரும் தம் தரையைத் தாமே இரண்டு முழம் உயர்த்தட்டும். பிறர் கை படக்கூடாது. எல்லோருக்கும் ஒரே ஆணை!”

நீதி என்ற சொல் மன்னர் காதுக்கு வெந்நீர் போல இதமாக இருந்தது. தலையாட்டிவிட்டார். செம்பாயி முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். வேலாண்டி மந்திரியை முறைத்தான்.

அவனை நெடுநாளாகக் கவிழ்க்கப் பார்த்த மந்திரி, “வேலாண்டியே இதை நிறைவேற்றட்டும். ஒரு வீடு விடுபட்டாலும் அவன் தலை போகட்டும்” என்றார்.

“உத்தரவு, ஐயா” என்றான் வேலாண்டி.

அந்த நாட்டில் எந்த ஆணைக்கும் முதல் முரசு அரண்மனை வாசலில்தான் முழங்கும். அங்கே நிறைவேறிய பிறகே ஊர்களுக்குப் போகும். மந்திரி அதை மறந்திருந்தார். வெந்நீரில் ஊறிய மூளை!

மறுநாள் காலை வாசலில் யானை உயரத்துக்குச் செம்மண். பக்கத்தில் கூடைகள். ஒரு வேலைக்காரனையும் காணோம்.

“ஆட்கள் எங்கே?” என்றார் மன்னர்.

“அவர்கள் பிறர், மன்னா” என்றான் வேலாண்டி. “அவர்கள் கை படக்கூடாது. இவ்வீட்டார் தாங்களும் மந்திரிமாரும்தான். இருநூறு அறை இருக்கிறது. சீக்கிரம் தொடங்கினால் நல்லது.”

மன்னர் ஒரு கூடையைத் தூக்கினார். முதுகு படீரென்று சொடக்கு விட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன.

மந்திரி பதறினார். “அறிவிலி! மலைமேல் இருக்கிறோம். வராத வெள்ளத்துக்கு நாங்கள் ஏன் மண் சுமக்க வேண்டும்?”

“தாம் குளிக்காத வெந்நீருக்கு மணற்குடியார் வெள்ளம் சுமக்கிறார்களே, ஐயா. அதே நீதிதான்.”

மன்னர் வெந்நீரில் சுருங்கிய தம் விரல்களைப் பார்த்தார். வெட்கம் வந்தது, பின்னாலேயே சிரிப்பும் வந்தது.

“மண்ணை வண்டியில் ஏற்று! அவரவர் குளித்த கொப்பரைக்கு ஏற்ப மணற்குடியில் சுமப்போம். காடு திரும்ப வளரும்வரை எல்லோருக்கும் பச்சைத் தண்ணீர்!”

மருதப்பிரானுக்குத் தும்மல் அப்போதே தொடங்கிவிட்டது.

மணற்குடியில் மன்னர் முதல் கூடையை இறக்கிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தார். செம்பாயி கூடையை எட்டிப் பார்த்தாள்.

“பாதிதான் இருக்கு சாமி. ரொப்பிக் கொண்டாங்க.”

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேலாண்டிக்குப் போட்டார்.

“பரிசு, வைத்துக்கொள். சுமக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, கூடையோடு வண்டிப் பக்கம் நடந்தார்.