நாச்சிக்குக் கோபம் வராமல் போன கதை

நான் அளப்பவள் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லவே எனக்கு நேரம் போதவில்லை, இதில் பொய்க்கு எங்கே போவேன். கைப்பிள்ளைக்காரி.

விஷயம் ஒரு வேனில் ஆரம்பித்தது. ‘உலக்கை நாச்சி’ படத்தின் ஆறாம் பாகம் வெள்ளிக்கிழமை தென்காசிக்கு வருகிறது. சேர்ந்து உட்கார்ந்து பீடி சுற்றுகிற நாங்கள் எல்லாரும் போவதாக ஏற்பாடு. லிங்கம்மாள் அக்கா வேன் பேசி முடித்துவிட்டு வந்து, ஓர் இடம் குறைகிறது, ஒருத்தி வீட்டில் இருந்து எல்லார் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அக்கா பார்த்ததும் மற்றவர்களும் பார்த்தார்கள். என் மகனுக்குப் பத்து மாதம். எப்படியும் அவன் அழுது நீ பாதியில் எழுந்து வெளியே வரத்தான் போகிறாய், அதற்கு வீட்டிலேயே இருக்கலாமே என்று ஆளாளுக்கு அன்பாகச் சொன்னார்கள்.

முதல் பாகம் பார்க்காத ஆள் எங்கள் பக்கம் கிடையாது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ரைஸ் மில்லில் வேலை பார்க்கிற நாச்சியிடம் முதலாளி தப்பாக நடக்கப் பார்ப்பான். அவள் உலக்கையை எடுத்து ஒரு போடு போடுவாள். அவனும் அவன் ஆட்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவளைக் கொன்று தவிட்டுக் கிடங்கில் புதைத்துவிடுவார்கள். அப்புறம் அவள் உலக்கையோடு எழுந்து வருவாள். வருவதற்கு முன்னால் தொம், தொம் என்று நெல் குத்துகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்துக்கே தியேட்டரில் பாதிப் பேர் எழுந்து கும்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாலு பாகங்களைப் பற்றி என்னிடம் கேட்காமல் இருப்பது நல்லது. ஒவ்வொன்றும் முந்தினதைவிட மோசம். ஆறாவதும் அப்படித்தான் இருக்கும், எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு பாகம் வந்த பிறகும் இரண்டு மாதத்துக்கு எங்கள் பீடித் தட்டைச் சுற்றி அந்தப் படத்தைத் திட்டுகிற பேச்சுத்தான் ஓடும். நாலாம் பாகம் வந்தபோது எனக்கு அம்மை போட்டிருந்தது, பார்க்க முடியவில்லை. எல்லாரும் விழுந்து விழுந்து திட்டும்போது நான் மட்டும் இலை வெட்டிக்கொண்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு மாதம் எனக்குத்தான் தெரியும். இந்தத் தடவை அப்படி உட்கார முடியாது.

அதனால் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

“நான் இல்லாம நீங்க போயிப் பாத்து ஒரு பிரயோசனமும் கிடையாதுக்கா. அந்தப் படம் ஏன் அப்பிடி ஆயிட்டுன்னு எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.”

என் வீட்டுக்காரரின் அக்கா தங்கபுஷ்பம் மதினி, பல்லில் நூலைக் கடித்தபடியே, ஆரம்பிச்சிட்டா என்றாள். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

முதல் பாகத்தை எங்கள் ஊர்ப் பழைய மில்லில்தான் எடுத்தார்கள். இது உள்ளது, வேண்டுமானால் படத்தில் பார்க்கலாம், மில் கதவில் எங்கள் மாமா கரிக்கட்டையில் எழுதிய அவர் பெயர் தெரியும். நான் அப்போது எட்டாவது படித்தேன். படக்காரர்களுக்குத் தண்ணீர் கொண்டு போகிற சாக்கில் குடத்தோடு உள்ளே நுழைந்தேன்.

சந்தனம் பேச்சுக்குக் குறுக்கே வந்தாள். அவள் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். யாரையும் உள்ளே விடவில்லை, நாம் இரண்டு பேரும் காம்பவுண்டுக்கு வெளியே நின்று ஜெனரேட்டரைத்தானே பார்த்தோம் என்றாள். நீ ஜெனரேட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அதனால் நான் போய் வந்தது உனக்குத் தெரியாது என்றேன். அவள் யோசிக்க ஆரம்பித்தாள். நான் கதையை மேலே கொண்டுபோனேன்.

கதாநாயகியாக வந்திருந்த பொண்ணு மும்பைக்காரி. அவளால் உலக்கையைத் தூக்க முடியவில்லை. தெர்மாகோலில் ஒன்று செய்து கொடுத்தார்கள். அதால் முதலாளியாக நடித்தவர் தலையில் அடித்தாள், உலக்கை உடைந்தது, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில்தான் தவிட்டுக் கிடங்குப் பக்கமிருந்து ஒருத்தி வந்தாள். மூலையில் சாத்தியிருந்த நிஜ உலக்கையை, நாம் ஈர்க்குச்சி எடுப்போமே, அப்படி எடுத்தாள். டூப் போட வந்தவள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். மில் முழுக்கத் தவிடு பரந்து கிடந்தது. என் காலடி இருக்கிறது, டைரக்டர் செருப்புத் தடம் இருக்கிறது, மும்பைப் பொண்ணின் ஹீல்ஸ் குத்தின குழி இருக்கிறது. அவள் நடந்து வந்த வழியில் மட்டும் கோடுகூட இல்லை.

“நாச்சியேதான்” என்றேன். “அவளேதான் நடிச்சா. அதான் படம் அப்பிடி இருந்துச்சு.”

முதலாளி வேஷக்காரர் ஓடினார் பாருங்கள், அது நடிப்பில்லை. மில்லைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, பாவூர்சத்திரம் சந்தைக்குள் புகுந்து, ஆலங்குளம் போய்த்தான் நின்றார். கேமராக்காரர் பைக்கில் பின்னாலேயே போய் எடுத்தார். படத்தில் கிணற்றடியோடு ஓட்டம் முடிந்துவிடுமே என்று சந்தனம் கேட்டாள். மீதியைச் சென்சாரில் வெட்டிவிட்டார்கள் என்றேன். அவ்வளவு ஓட்டத்தையும் காட்டினால் இடைவேளை விட இடம் கிடைக்காதாம்.

தென்காசியில் படம் ஓடின கதை உங்களுக்கும் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. தொம் தொம் சத்தம் வரும்போதெல்லாம் தியேட்டரைச் சுற்றி அரை மைலுக்கு எந்த வீட்டில் நெல் இருந்தாலும் தானாக உமி கழன்று அரிசியாகிவிட்டது. காலையில் மூட்டையைப் பிரித்தால் ஒரு பக்கம் அரிசி, ஒரு பக்கம் உமி. பொங்க வேண்டியதுதான் பாக்கி. அந்த வட்டாரத்து மில்காரர்கள் எல்லாம் படத்தை நிறுத்தச் சொல்லி ஊர்வலம் போனார்கள்.

தன் சின்னம்மை வீடு அந்தத் தியேட்டர் தெருவிலேயே இருக்கிறது, அங்கே நெல்லு நெல்லாகத்தான் இருந்தது என்றாள் மதினி. நெல் சரியாகக் காயாமல் இருந்திருக்கும் மதினி, ஈர நெல்லுக்குப் பேய் என்ன செய்யும் என்றேன். மதினி நூலைத் துப்பிவிட்டு, என் சின்னம்மை வீட்டு நெல்லைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கப் போனாள். லிங்கம்மாள் அக்கா, அவள் சொல்லட்டும், இருடி என்று கையமர்த்தினாள். அக்காவுக்குக் கதையில் பிடிப்பு வந்துவிட்டது.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். ஏனென்றால் அடுத்து வருவது அக்கா சம்பந்தப்பட்டது.

எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. அநியாயமாகச் செத்துப்போன பெண்ணுக்குச் சேலை எடுத்து வைத்துப் படையல் போடுவோம். வயிறு நிறைந்ததும் அவள் ஆங்காரம் அடங்கி, அந்த இடத்துக்குக் காவல் தெய்வமாகிவிடுவாள். அப்புறம் அவளால் யாருக்கும் கெடுதல் வராது. முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு வாரம் அழுதார்கள். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி, அரக்குக் கரை போட்ட மஞ்சள் சேலை எடுத்து, கண்ணாடி வளையலும் பிச்சிப்பூவும் வைத்து, உளுந்தங்களி கிண்டி, மில் வாசலில் நாச்சிக்குப் படையல் போட்டார்கள். இதில் ஒரு சொல்லும் புளுகு இல்லை. படத்தில் செத்தவளுக்குப் படையல் போட்ட ஊர் நாங்கள்தான். முன்னால் நின்று களி கிண்டியவள் லிங்கம்மாள் அக்கா.

“அவ அன்னைக்கு அந்தக் களியைச் சாப்பிட்டாக்கா” என்றேன். “அதோட சாந்தமாயிட்டா. பொறவு எப்படி ரெண்டாம் பாகத்துல கோவம் வரும்?”

பீடி சுற்றுகிற கைகள் எல்லாம் நின்றன. எனக்குத் தெரிந்து மழைக்குக்கூட நிற்காத கைகள்.

“அப்ப நாலு பாகமும் நாசமாப் போனதுக்கு நான் கிண்டின களிதான் காரணம்ங்கியா” என்றாள் அக்கா.

குறை சொல்லவில்லை, களி அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் தாராளமாக விட்டிருக்கிறீர்கள், அதுதான் வினை என்றேன். அக்கா முகம் கொஞ்சம் தெளிந்தது.

இரண்டாம் பாகம் எடுக்க வந்தவர்கள் நாச்சியைத் தேடி நேரே என்னிடம்தான் வந்தார்கள். நான் போய்க் கூப்பிட்டேன். மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தாள். புது வில்லன் அரிவாளோடு நின்றான். அடிப்பாள் என்று பார்த்தால், அவன் கன்னத்தைத் தடவி, சாப்பிட்டாயா தம்பி, ஏன் இப்படி மெலிந்து போயிருக்கிறாய் என்று கேட்டாள். அவன் அரிவாளைப் போட்டுவிட்டு அழுதான். அவனுக்கு ஏழு வருஷமாக இருந்த வயிற்றுவலி அன்றோடு போய்விட்டது. டைரக்டருக்குத்தான் புதிதாக வந்தது. வேறு வழியில்லாமல் கிராபிக்ஸில் ஒரு நாச்சியைச் செய்து, தகர டப்பாவைத் தட்டி உலக்கைச் சத்தம் என்று சேர்த்தார்கள்.

மூன்றாம் பாகத்தில் நாச்சியை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே உலக்கை கிடைக்காமல் அவள் கையில் மிக்சியைக் கொடுத்தார்கள். மிக்சியோடு பேய் துரத்துகிறது, வயர் நீளம் போதவில்லை, வில்லன் அடுத்த அறைக்குப் போய்த் தப்பித்துக்கொள்கிறான். இதை நான் புளுகவில்லை, படமே அப்படித்தான்.

“அந்த வயரு விஷயம் உள்ளதுதான்” என்று மதினியே ஒத்துக்கொண்டாள்.

நாலாம் பாகத்தைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். ஆனால் அது ஓடின நாட்களில் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் தூக்கம் வராதவர்களுக்கு மாத்திரை கொடுப்பதையே விட்டுவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பாட்டு வரை படம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பெரிய வியாதிக்காரர்களுக்கு இரண்டு பாட்டு முடியும்வரை. மூன்றாவது பாட்டுக்கு மேல் இருந்தால் எழுப்ப முடியாது என்று நர்ஸ் எச்சரிக்கை செய்து அனுப்புவாள். ஊரில் சத்தமே இல்லை. சேவல்கூட மத்தியானத்துக்கு மேல்தான் கூவியது. அக்காவும் மதினியும் அந்தப் படத்தில் தூங்கினார்களா இல்லையா என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் பாகத்தில் நாச்சிக்கு இரட்டைத் தங்கச்சியைக் கொண்டுவந்து இரண்டு பேய்களையும் கபடி ஆட விட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு நாச்சி என் வீட்டுக்கே வந்துவிட்டாள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். செத்தபோதுகூட இவ்வளவு அவமானமாக இல்லை, என் பெயரை இப்படிக் கெடுக்கிறார்களே, எனக்கு என் கோபம் திரும்ப வேண்டும், அந்தப் படக்கம்பெனியை ஒரு கை பார்க்க வேண்டும் என்றாள். அப்படியென்றால் வாங்கிய சேலையைத் திருப்பிக் கொடுத்துவிடு, படையல் முறிந்துவிடும், கோபம் தானாக வரும் என்று நான் வழி சொன்னேன்.

“கொடுத்தாளா?” என்றாள் சந்தனம். அவள் எப்போதோ என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

எப்படிக் கொடுப்பாள். சேலை என் வீட்டில் அல்லவா இருக்கிறது. என் மகன் பிறந்தபோது, பழைய சேலைதான் பிள்ளைக்கு மெத்தென்று இருக்கும் என்று அவளே கொண்டுவந்து, அவளே உத்தரத்தில் தொட்டில் கட்டிவிட்டுப் போனாள். அதில் என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. நின்று பார்த்தாள். அப்புறம் மெல்ல ஆட்டினாள். அன்றிலிருந்து தினமும் வருகிறாள். நான் எப்படிப் பிள்ளையை வைத்துக்கொண்டு இத்தனை பீடி சுற்றுகிறேன் என்று எல்லாரும் கேட்கிறீர்களே, தொட்டிலை ஆட்டுவது நாச்சி.

இப்போது ஆறாம் பாகத்துக்கு அவள் தியேட்டருக்கே வருவதாக இருக்கிறாள், படம் மோசமாக இருந்தால் அங்கேயே என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது, அவளைச் சமாதானம் செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று முடித்தேன்.

வேனில் இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். லிங்கம்மாள் அக்கா ஒரு பீடியின் வாயை மடித்துக்கொண்டே, அவளுக்குக் குழந்தைகள் என்றால் அவ்வளவு பிரியமா என்று கேட்டாள். உயிர் என்றேன். அழுகிற பிள்ளையையும் சமாளிப்பாளா என்றாள். எனக்கு வாய் நிற்கவில்லை. என்ன அப்படிக் கேட்டுவிட்டீர்கள், ஊரில் உள்ள பிள்ளைகளை எல்லாம் கொண்டுவந்து வரிசையாகத் தொட்டில் கட்டிப் போடுங்கள், ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் சோறும் ஊட்டுவாள் என்றேன்.

“அப்ப நல்லதாப் போச்சு” என்றாள் அக்கா. “ஒத்த ஆளு இத்தன பிள்ளையளை எப்பிடிச் சமாளிப்பியோன்னு காலையில இருந்து எனக்கு அதே யோசனை.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டென்று, அப்படியானால் பிள்ளைகளை நாச்சியிடமே விட்டுவிட்டு நானும் வேனில் வருகிறேன், அவள் தியேட்டருக்கு வராமல் இருக்க நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

அக்கா பீடிக்கட்டை எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

“நல்லாருக்கே கதை. வீட்டுல ஒரு மனுஷி இல்லாம பேயை நம்பி யாராவது பிள்ளையளை விட்டுட்டுப் போவாளாட்டி? நீயும் கூட இரு.”