தேர் இடப்பக்கம் திரும்பியது

அம்மன் தேர் இடப்பக்கம் திரும்பிவிட்டது.

மேலரத வீதி முடிகிற முக்கில் அது வலப்பக்கம்தான் திரும்ப வேண்டும். கோயிலை வலம் வருகிற தேர் வேறெந்தப் பக்கம் திரும்பும்? வலச் சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டையைக் கொடுத்தால் அந்தச் சக்கரம் தடுக்கும், தேர் அந்தப் பக்கமாக மூக்கைத் திருப்பும். இரண்டு முன்சக்கரங்களுக்கும் இடையே குனிந்தபடி ஓடி, தலை நரைக்கும்வரை தீத்தாரப்பன் அதைத்தான் செய்துவந்தார். இன்றைக்கு அவர் கட்டை இடச் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது.

வடம் பிடித்தவர்கள் சுதாரிப்பதற்குள் தேர் காளவாசல் தெருவுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு நின்றது. மேளக்காரர் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார்.

காளவாசல் தெருக்காரர்கள் சுண்ணாம்பு சுடுகிறவர்கள். கோயில் மதிலுக்கு வருஷா வருஷம் அடிக்கிற வெள்ளை அவர்கள் சூளையில் வெந்ததுதான். தேரோட்டத்தன்று தெரு முக்கில் வந்து நின்று கும்பிடுவார்கள். அதைத் தாண்டித் தேர் உள்ளே போனதில்லை. போகவேண்டும் என்று யாரும் கேட்டதுமில்லை.

தேர்க் கமிட்டித் தலைவர் நெல்லையப்பன் தோள்துண்டு தரையில் புரள ஓடிவந்தார்.

"என்னவே பண்ணி வச்சிருக்கீரு?"

"கை மாறிட்டு."

"கை மாறுமா? சோத்தை எடுத்தா மூக்குக்குள்ளயா வைக்கீரு?"

கூட்டம் சிரித்தது. நெல்லையப்பன் சிரிக்கவில்லை. அந்த ஊரில் தேரைப் பின்னால் இழுக்கிற வழக்கம் இல்லை. நுழைந்தால் நுழைந்ததுதான். அந்தத் தெரு வழியாகவே சுற்றிக்கொண்டு போய் வடக்கு ரத வீதியில் ஏற்ற வேண்டும். அவர் தீத்தாரப்பன் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

"இனிமே இதைத் தொடப்படாது. இன்னிக்கு மட்டுமில்ல. எப்பவும்."

வெறும் கையோடு தீத்தாரப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். முக்கிலிருந்த சின்ன மடத்தில் சடாச்சியம்மை வடம் இழுக்கிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. அவளைக் குரு என்று அவர் கும்பிட ஆரம்பித்தபோது ஊரே கேலி பேசியது. மகள் மாதிரி இருக்கிறவளிடம் என்னவே படிக்கிறீரு என்று கேட்டார்கள். அவரும் யோசித்துப் பார்த்தார். சொல்லத் தெரியவில்லை. போவதை மட்டும் நிறுத்தவில்லை.

"அம்மா, பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"மோர் குடிங்க, அண்ணாச்சி."

"தேரு காளவாசல் தெருவுக்குள்ள போய்ட்டு. கட்டையைப் பிடுங்கிட்டாங்க. அது இல்லாம நான் யாரு, சொல்லுங்க."

"உள்ளயா போய்ட்டு? அப்ப அங்க இருக்கவங்களுக்கும் மோர் வேணுமே." பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அந்தச் செம்பை எடுத்துக்கிட்டு வாங்க."

அவர் எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

தெருவே தலைகீழாகக் கிடந்தது. மொட்டை மாடிகளில் ஏறி நின்றவர்கள் கரண்டு கம்பிகளை மூங்கில் கழியால் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருத்தி வாசலில் தண்ணீர் தெளிக்கப் போய்ப் பரபரப்பில் வடம் இழுத்தவர் மேலேயே வாளியைக் கவிழ்த்தாள். கோலமாவு இல்லாதவர்கள் சூளைச் சுண்ணாம்பை அள்ளிக் கோடு இழுத்தார்கள். இழுத்து முடிப்பதற்குள் சக்கரம் வந்தது. பரவாயில்லை என்று அடுத்த வாசலுக்கு ஓடி அங்கே இழுத்தார்கள்.

சூளைக்கார இசக்கிமுத்து பாதிச் சவரத்தில் எழுந்து வந்திருந்தார். ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது. மறு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"மூஞ்சியக் கழுவிட்டு வாரும்வே, அம்மன் பயந்துரப் போறா" என்றான் ஒருவன்.

"கழுவப் போனா அவ போயிருவாளே."

அவர் பெண்டாட்டி மாடத்தி தேரை அண்ணாந்து பார்த்து, சொந்தக்காரியைத் திட்டுவதுபோலத் திட்டினாள். "வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா? ஊருக்கெல்லாம் வெள்ளை அனுப்புதோம். எங்க வீட்டுச் சுவரைப் பாத்தியா? அடிச்சு வச்சிருப்போம்லா."

தீத்தாரப்பன் நீட்டிய கைகளிலெல்லாம் மோர் ஊற்றிக்கொண்டே போனார். யாரும் அவரைத் திட்டவில்லை. அவர்தான் கட்டை போட்டவர் என்று தெரிந்ததும் சிலர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அது அவருக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

தெருக்கோடியில் தேர் நின்றது. வடக்கு ரத வீதிக்குத் திரும்புகிற முக்கு அங்கே. குறுகலான முக்கு. அதை ஒட்டி இசக்கிமுத்து வீட்டுச் சுவர். மற்ற கட்டைக்காரர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள்.

"பழகாத முக்கு. ஒரு முழம் பிசகினா தேரு சுவத்துல சாயும். அப்புறம் அது எங்க தலையில விடியும்."

"சுவரு போனாப் போகுது" என்றார் இசக்கிமுத்து. "கட்டிக்கிடலாம். சுண்ணாம்புக்கா பஞ்சம் நமக்கு?"

"சுவரு கிடக்கட்டும். தேரு சாயப்படாதுவே" என்று நெல்லையப்பன் நெற்றியைத் துடைத்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் கட்டையைத் தீத்தாரப்பன் பக்கம் நீட்டினார். "இந்த ஒரு முக்குக்கு மட்டும்."

தீத்தாரப்பன் வாங்கவில்லை. குருவைப் பார்த்தார்.

"இந்தக் கையை நம்ப முடியல, அம்மா. இன்னொரு தப்பு வந்தா?"

"தெரு முழுக்க மோர் ஊத்தினீங்க. எங்கயாவது சிந்திச்சா?"

அவர் செம்பை அவளிடம் கொடுத்துவிட்டுக் கட்டையை வாங்கினார். குனிந்தார். வடம் விறைத்தது. தேர் முனகிக்கொண்டு நகர்ந்தது. கட்டை வலச் சக்கரத்துக்கு அடியில் போனது, புகைந்தது, உருவினார், மறுபடி கொடுத்தார். சக்கரம் சுவரை உரசுகிற மாதிரி வந்து, உரசாமல், ஒரு விரல் போகிற இடைவெளியில் திரும்பியது. மேளக்காரருக்கு இப்போதுதான் அடுத்த அடி ஞாபகம் வந்தது. சத்தத்தில் மாடியிலிருந்த புறாக்கள் அத்தனையும் ஒரேயடியாக எழும்பின.

தேர் வடக்கு ரத வீதியில் ஏறியது. தெருவே அதன் பின்னால் வந்து, தெரு முடிகிற இடத்தில் நின்றுகொண்டது. மாடத்தி கேட்டாள்.

"அண்ணாச்சி, அடுத்த வருசமும் வருவாளா?"

தீத்தாரப்பன் வாயைத் திறப்பதற்குள் நெல்லையப்பன் ஒரு தட்டோடு வந்தார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"நீரு நல்ல வேலைக்காரன்தான்வே, நான் இல்லன்னு சொல்லல. கட்டை உம்ம கிட்டயே இருக்கட்டும். ஆனா அம்மன் முன்னால கற்பூரத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணும். நான் பண்ணினது தப்பு, இனிமே மேலரத வீதி முக்குல வலப்பக்கம்தான் போடுவேன்னு. பண்ணலைன்னா கட்டையை இப்பவே குடுத்துட்டுப் போயிரும்."

தீத்தாரப்பன் வலது கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. சடாச்சியம்மை பக்கம் திரும்பினார்.

"எப்படிக் கை மாறிச்சு, அண்ணாச்சி?" என்று கேட்டாள் அவள். அதுவரை அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

"நிமிந்துட்டேன், அம்மா. கட்டை போடுறவன் நிமிரப்படாது. சக்கரம், தரை, அவ்வளவுதான் பாக்கணும். இன்னிக்கு என்னமோ நிமிந்துட்டேன். முக்குல இவங்க நிக்கிறது தெரிஞ்சுது. எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நின்னாங்க. கை தன்னால அந்தப் பக்கம் போய்ட்டு."

"முன்னால பாத்ததில்லையா?"

"ஒரு வருசம்கூடப் பாத்ததில்ல."

"சீக்கிரம்வே, கற்பூரம் தீந்துரும்" என்றார் நெல்லையப்பன்.

"நீங்களே சொல்லுங்க, அம்மா. இன்னிக்கு நான் போட்டது தப்புத்தானே?"

சடாச்சியம்மை காலிப் பானையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குப் போட்டதை விடுங்க, அண்ணாச்சி. இத்தனை வருசமாச் சரியாப் போட்டீங்களே, அதுக்கு என்ன பேரு?"

தீத்தாரப்பன் தெரு முடிகிற இடத்தில் நின்றவர்களைப் பார்த்தார். தூக்கிய கை கற்பூரத்தின்மேல் இறங்கவில்லை. தட்டில் கற்பூரம் தானாகவே எரிந்து அணைந்தது.