ஒரு கெண்டித் தண்ணீர்

“அம்மா, எனக்கு ஒரு மந்திரம் வேணும்,” என்றான் வேடியப்பன்.

கணவாயைக் காக்கிற எல்லைப் படைக்கு அவன்தான் தலைவன். அங்கே தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்த தவசியம்மா அவனுக்குக் குரு. வயதில் அவனுக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

“மந்திரம் எதுக்கு?”

“கீழே பாருங்க. எறும்புப் புத்து உடைஞ்ச மாதிரி ஏறி வர்றாங்க. நாங்க ஒரே பந்தியில உட்கார்ந்து எழுந்திரிச்சிடலாம். அவ்வளவு பேர்தான்.”

“நம்ம ராஜா படை?”

“பொழுது சாயத்தான் மேல் வழியா வந்து சேரும். அதுவரைக்கும் நான் தாங்கணும். இல்லேன்னா மேலே எங்க ஊரே இருக்காது. என் பொண்ணு இப்பதான் நடக்கப் பழகுதும்மா.”

தவசியம்மா கெண்டியை நீட்டினாள்.

“இதைக் கழுவிக் கொண்டா.”

கழுவிக்கொண்டு வந்தான்.

“ஊத்துல பாறையைத் தள்ளி மூடிடட்டுமா? இதை விட்டா அவங்களுக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது.”

“தாகத்தோட விட்டா எங்கே போவாங்க?”

மேலே இருக்கிற தன் ஊர்க் கிணற்றை நினைத்தான். ஆட்களைப் பாறைக்குப் பின்னால் இருக்கச் சொல்லிவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, வேலையாள் மாதிரிப் பந்தலில் உட்கார்ந்துகொண்டான்.

படை வந்துவிட்டது. பாதை ஒடுக்கம். ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் வர முடியும். முதலில் வந்தவனுக்கு உதடெல்லாம் வெடித்திருந்தது.

“தண்ணி.”

“ஈட்டியை அந்தப் பக்கம் சாத்திட்டு உட்காரு தம்பி. ரெண்டு கையும் ஏந்து,” என்றாள் தவசியம்மா.

அந்தச் சீமைப் பந்தல்களில் அதுதான் வழக்கம். நின்றுகொண்டு தண்ணீர் வாங்க மாட்டார்கள், கையில் எதையும் வைத்துக்கொண்டும் வாங்க மாட்டார்கள். எதிரி நாட்டிலும் அப்படித்தான். அவன் உட்கார்ந்தான்.

“எந்த ஊரு? அம்மா சுகமா?”

“சுகந்தாங்க அக்கா. சீக்கிரம் ஊத்துங்க.”

“ஊத்தறேன், ஊத்தறேன். கல்யாணம் ஆயிடுச்சா?”

குடித்தவன் புளியமரத்தடிக்குப் போய் அப்படியே சாய்ந்துவிட்டான். அடுத்தவன் உட்கார்ந்தான். அவனுக்கும் அம்மா சுகம்தான்.

விறகுக் கட்டு மாதிரி ஈட்டிகள் குவிந்தன. வேடியப்பன் குனிந்து மெல்லச் சொன்னான்.

“இப்பவே பாய்ஞ்சிடட்டுமா?”

“தண்ணி குடிக்கிறவன் மேலயா?”

வேடியப்பன் நிமிர்ந்து அடுத்தவன் ஈட்டியை வாங்கிச் சாத்தினான்.

கொஞ்ச நேரம் போனது. அவனுக்கு மனசு கேட்கவில்லை.

“உங்களுக்குக் கை வலிக்குமேம்மா. எங்க கோட்டையில இன்னும் கெண்டி இருக்கு, எடுத்துட்டு வர்றேன். ஆளுக்கொண்ணா வச்சு ஊத்தினா சட்டுன்னு முடிஞ்சிடும்.”

தவசியம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பக்கத்தில் இருந்த புல்லில் ஒரு கொத்துக் கிள்ளினாள். கெண்டியின் மூக்கில் செருகினாள்.

தண்ணீர் நூல் மாதிரி வந்தது.

வேடியப்பன் அந்த நூலைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். அதன் வால் இன்னும் அடிவாரத்தில் கிடந்தது. வெயிலைப் பார்த்தான்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எழுந்திருங்கம்மா. நான் ஊத்தறேன்.”

கீழே எதிரித் தளபதி சத்தம் போடுவது கேட்டது.

“அங்கே என்னடா தாமதம்? வழி விடு.”

“எல்லாருக்குந்தான் தாகம். வரிசையில வாய்யா,” என்றான் ஒருவன், திரும்பிப் பார்க்காமலே.

தளபதி பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது மரத்து நிழல் நீண்டுவிட்டது. அவன் படையில் பாதி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அதட்டப் பார்த்தான். தொண்டை ஒட்டிக்கொண்டது. வாளைக் கழற்றிச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். கையேந்தினான்.

“எந்த ஊருங்க? அம்மா சுகங்களா?” என்று சாவகாசமாகக் கேட்டான் வேடியப்பன்.

அவன் வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து முரசு கேட்டது. ராஜா படையின் முரசு.

தளபதி வெடுக்கென்று நிமிர்ந்தான். இரண்டு கை நிறையத் தண்ணீர்.

“மெதுவாக் குடிங்க,” என்றான் வேடியப்பன். “விக்கிக்கும்.”