மூன்றாம் அடியில் ஒரு தும்மல்

முதலில் இரண்டு முறை மூச்சை உள்ளே இழுக்கும். வருமா வராதா என்று பக்கத்தில் இருப்பவர்களைக் காக்க வைக்கும். வராது போலிருக்கிறது என்று எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நேரத்தில், மாடியிலிருந்து பூசணிக்காய் விழுந்ததுபோல் ‘ஹட்ச்’ என்று ஒரு தும்மல். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஆவுடைத்தங்கத்தின் காதில் விழுந்த சத்தம் அது. தும்மியவர் அவள் புருஷன் சொள்ளமுத்து. தும்மலில் ஒரு குறையும் இல்லை. தும்மிய இடம்தான் தப்பு.

ஆமாம்பட்டிப் பஜனைக் கோஷ்டி அப்போது மதுரைக்குப் போய் ஒரு பாட்டை இசைத்தட்டில் பதிந்துகொண்டு வந்தது. ஆறு அடிப் பாட்டு. சொள்ளமுத்து கோஷ்டியில் சிங்கி தட்டுகிறவர். மூன்றாம் அடி முடிந்து எல்லோரும் மூச்சு வாங்கிய அரை நொடியில் அவர் தும்மிவிட்டார். புதுப்பெண்ணாகக் கூடப் போயிருந்த ஆவுடைத்தங்கம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டாள். இன்னொரு தரம் பதிய முடியாது என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார். கோஷ்டித் தலைவர் ஆறு மாதம் சொள்ளமுத்தோடு பேசவில்லை.

சொள்ளமுத்து போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. போட்டோ ஒன்று இருக்கிறது, அதில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். குரல் என்று பார்த்தால் அந்தத் தும்மல் ஒன்றுதான் மிச்சம். அது ஆவுடைத்தங்கத்தின் டிரங்குப் பெட்டியில், இரண்டு சேலைகளுக்கு நடுவில், பேசாமல் கிடந்தது. ஊரிலிருந்த ஒரே ரெக்கார்டு பெட்டியும் செத்துவிட்டது.

இப்போது அவளுக்கு அறுபது நெருங்குகிறது. இடது காது போன வருஷமே அடைத்துவிட்டது. வலது காதையும் தை மாதம் வரைக்கும்தான் நம்பலாம் என்று கோவில்பட்டி காது டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் தினமும் தாளிக்கும்போது கடுகு வெடிக்கும் சத்தத்தை வைத்துத் தன் காதை அளந்துகொண்டாள். ஐப்பசியில் கடுகு மழைபோலப் பெய்தது. கார்த்திகையில் தூறிற்று.

“ஒரே ஒரு தரம் உங்க அண்ணன் தும்முறதைக் கேட்டுட்டா போதும்” என்று கொழுந்தன்மாரிடம் சொன்னாள்.

கொழுந்தன்மார் மூன்று பேர். மூத்தவன் தாண்டவன், எதையும் யோசித்துச் செய்கிறவன். நடுவன் கும்பலிங்கம், தாண்டவன் யோசித்ததைச் சந்தேகப்படுகிறவன். கடைசி பிச்சுமணி, இரண்டு பேர் சொல்வதையும் செய்கிறவன். மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. யாரும் பெண் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றும் சரியாகத்தான் இருக்கும்.

பருத்தி விற்ற கையோடு மூவரும் மதுரைக்குப் புறப்பட்டார்கள். பஸ் வந்து நின்றது. பிச்சுமணி தும்மினான். ஒற்றைத் தும்மல். ஆமாம்பட்டியில் ஒற்றைத் தும்மல் கேட்டால், எடுத்த காரியத்தை நிறுத்தி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூவரும் வீட்டுக்குத் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டார்கள். பிச்சுமணிக்கு அன்று நல்ல ஜலதோஷம். நாலாவது பஸ்ஸில்தான் ஏற முடிந்தது.

மதுரையில் பாட்டுப் பெட்டிகள் விற்கும் இஸ்மாயில் ராவுத்தர் பொறுமைசாலி. தட்டு சுற்றும் பெட்டி, சத்தத்தைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். கடைசியில் தீப்பெட்டி அளவு டப்பா ஒன்றைத் திறந்து காட்டினார்.

“பெட்டியில ஒரு கை இருக்குல்ல, அதோட நுனியில இதை மாட்டணும். இதுக்கு அடியில இருக்கிற ஊசிதான் தட்டுல இருக்கிற பாட்டைத் தொட்டு எடுக்கும். இதுக்குப் பேர் கார்ட்ரிஜ்.”

“காத்திருச்சா? எதுக்கு பாய் காத்திருச்சு?” என்று கேட்டான் பிச்சுமணி.

ராவுத்தர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உங்களுக்காகத்தான்” என்றார். பிறகு ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து வாயாலும் சொன்னார். “ஊசி ரொம்பப் பூஞ்சை. பச்சப்புள்ளை மாதிரி பாத்துக்கணும். புதுசுங்கிறதால முப்பது மணி நேரம் ஓட விடுங்க, அப்பத்தான் சத்தம் மலரும். ஊசி மேல ரெண்டு கிராம் பாரம் இருக்கணும். மறக்காம எர்த் கம்பியை மண்ணுக்குக் கொடுங்க, இல்லாட்டி செட்டு உம்முனு இருக்கும். வேற ஒண்ணும் இல்லை.”

“இவ்வளவுதானா?” என்றான் தாண்டவன்.

“இவ்வளவுதான். எந்த ஊருன்னீங்க?”

“ஆமாம்பட்டி.”

“ஆமா” என்றார் ராவுத்தர், தனக்குள்.

திரும்பும் பஸ்ஸில் ஸ்பீக்கர்கள் மேலே ஏறின. கார்ட்ரிஜ் மட்டும் பிச்சுமணியின் மடியில், துண்டுக்குள் இருந்தது. தாண்டவன் கண்டக்டரிடம் மூன்று முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கேட்டான்.

“அரை டிக்கெட் யாருக்கு?”

பிச்சுமணி துண்டை லேசாக விலக்கிக் காட்டினான்.

“வயசு என்ன?” என்றார் கண்டக்டர். அவரும் நாள் பூராவும் பஸ்ஸில் வருகிறவர்தானே.

“இன்னிக்குத்தான் வாங்கினோம்.”

“அப்ப டிக்கெட் வேண்டாம். மடியிலயே வச்சுக்கோங்க.”

மறுநாள் விடிந்ததும் ஓட்டம் தொடங்கியது. கண்மாய்க் கரையைச் சுற்றி, ஆளுக்கு ஒரு மணி நேரம் முறை வைத்து, துண்டில் கட்டிய டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள். டீக்கடைக்காரர் முத்துவேல் கண்ணாடி டம்ளரோடு கரைக்கு வந்து நின்றார்.

“என்னப்பா, யாரு விரட்டுறா?”

“யாரும் விரட்டல. முப்பது மணி நேரம் ஓட விடச் சொன்னாரு” என்றான் கும்பலிங்கம், நிற்காமல்.

“அதை ஓட விடச் சொன்னா நீ ஏன் ஓடுற?”

கும்பலிங்கம் அடுத்த சுற்றில் வந்துதான் பதில் சொன்னான். “பச்சப்புள்ளையைத் தனியாவா விடச் சொல்றீரு?”

முத்துவேலுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே போய்விட்டார்.

ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வீதம் மூன்று நாள். வாசலில் உட்கார்ந்து, அவர்கள் போவதையும் வருவதையும் ஆவுடைத்தங்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொன்னால் அதை எப்படிச் செய்வார்கள் என்று தெரியாததால் சும்மா இருந்தாள். நாலாம் நாள் காலையில் தாளிக்கும்போது, கடுகு எண்ணெயில் துள்ளுவது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. குனிந்து வலது காதைச் சட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். எங்கோ அடுத்த ஊரில் யாரோ தாளிப்பதுபோல் கேட்டது.

“ஓடினது போதும், இன்னைக்கே மாட்டிருங்க” என்றாள்.

மத்தியானம் மாட்டினார்கள். தாண்டவன் தாளைப் படித்தான். “தட்டை நல்லாத் துடைச்சு மேலே வைக்கவும்.” பிச்சுமணி அடுப்படிக்குப் போய் அண்ணன் சாப்பிட்ட எவர்சில்வர் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, துடைத்து, முகம் தெரிகிறதா என்று பார்த்துக் கொண்டுவந்து வைத்தான். தட்டு சுற்றியது. தாண்டவன் கையை மெல்ல இறக்கினான். தட்டின் விளிம்பு தடுத்ததால் ஊசி பிழைத்தது.

“அண்ணன் சாப்பிட்ட தட்டுதானே? தும்மியிருக்கணுமே” என்றான் கும்பலிங்கம்.

“சாப்பிடும்போது அண்ணன் தும்ம மாட்டாரு” என்றான் தாண்டவன்.

ஆவுடைத்தங்கம் எவர்சில்வர் தட்டை எடுத்துவிட்டு, டிரங்குப் பெட்டியிலிருந்த கறுப்புத் தட்டைக் கொண்டுவந்து தன் கையாலேயே வைத்தாள்.

அடுத்தது பாரம். ரெண்டு கிராம்.

“எதுல ரெண்டு கிராம்னு பாய் சொல்லலியே” என்றான் கும்பலிங்கம். “இரும்புல வச்சா ஊசி நசுங்கிரும்.”

“அதுக்குத்தான் நான் யோசிச்சு வச்சிருக்கேன்” என்றான் தாண்டவன். “நம்ம வீட்டுல இல்லாததா? பஞ்சுல ரெண்டு கிராம் வைப்போம். பஞ்சு கனக்காது.”

பிச்சுமணி ஆசாரியிடம் போய் நகைத் தராசில் பஞ்சை நிறுத்து வாங்கி வந்தான். ஊசியின் தலையில் வைத்தார்கள். கை, கார்ட்ரிஜ், ஊசி எல்லாம் பஞ்சுக்குள் போய்விட்டன. பெட்டியைப் போட்டதும் ஸ்பீக்கர் இரண்டும் ‘உம்ம்ம்ம்’ என்றன.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாய் சொன்ன மாதிரியே உம்முனு இருக்கு” என்றான் பிச்சுமணி.

“ஏன் கோவம்?” என்றான் தாண்டவன். “நம்ம என்ன குறை வச்சோம்?”

“மூணு நாளு வெயில்ல ஓட விட்டோம்ல. எனக்கே கோவந்தான்” என்றான் கும்பலிங்கம்.

சமாதானம் செய்தார்கள். பிச்சுமணி ஸ்பீக்கருக்கு விசிறினான். தாண்டவன் அதன் முன்னால் குந்தி, “வீட்டுக்கு வந்த இடத்துல இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தா நல்லாவா இருக்கு?” என்று பதமாகக் கேட்டான். உம் போகவில்லை. கும்பலிங்கம் அதட்டியும் பார்த்தான்.

ஆவுடைத்தங்கம் தாளை வாங்கிப் படித்தாள். அஞ்சாம் வகுப்புப் படிப்பு அவளுக்கு. பெட்டிக்குப் பின்னால் தொங்கிய எர்த் கம்பியை எடுத்து, சன்னலுக்கு வெளியே ஈரமாக இருந்த வாழைக் கன்று மண்ணில் ஆழமாகச் செருகினாள். உம் நின்றது. பஞ்சைப் பூப்போல எடுத்துக் கீழே வைத்தாள். பாரம், ராவுத்தர் கடையிலேயே கையின் பின்பக்கம் வைத்து அனுப்பியதுதான். அது தன் பாட்டுக்கு அங்கே இருந்தது.

“மண்ணைத் தொட்டதும் மனசு ஆறிருச்சு பாரு” என்றான் தாண்டவன்.

ஸ்பீக்கர்களுக்கு நேர் நடுவில் நாற்காலியைப் போட்டு, வலது காதை முன்னால் கொடுத்து அவள் உட்கார்ந்தாள். ஊசி இறங்கியது. முதலில் தூறல் மண்ணில் விழுவதுபோல் ஒரு சரசரப்பு. அவளுக்குக் கடுகு ஞாபகம் வந்தது. பிறகு கோஷ்டி பாடத் தொடங்கியது. பாட்டுக்குப் பின்னால், தூரத்தில், சிங்கி.

முதல் அடி. இரண்டாம் அடி. மூன்றாம் அடி முடிந்தது. எல்லோரும் மூச்சு வாங்கினார்கள்.

ஹட்ச்.

ஆவுடைத்தங்கம் கண்ணை மூடிக்கொண்டாள்.

தாண்டவன் ஊசியைத் தூக்கிவிட்டான்.

அவள் கண்ணைத் திறந்தபோது கொழுந்தன்மார் மூவரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, சொம்பை மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன தம்பி?”

“ஒத்தத் தும்மல் மதினி” என்றான் தாண்டவன் வருத்தத்தோடு. “நல்ல காரியம் நடக்கும்போது அண்ணன் தும்மிட்டாரு. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.”

ஆரம்பித்தார்கள். முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. ஹட்ச். ஊசி தூக்கப்பட்டது. சொம்பு சுற்றி வந்தது.

“இதோட ரெண்டு ஆச்சு” என்றான் கும்பலிங்கம். “ரெட்டைத் தும்மல் நல்லதுதானே, மேல போவமா?”

“நடுவுல தண்ணி குடிச்சாச்சேடா. தண்ணி குடிச்சா முதல் தும்மல் அழிஞ்சு போகும். இது திரும்ப ஒண்ணுதான்.”

கும்பலிங்கம் யோசித்துப் பார்த்தான். சந்தேகப்பட இடமில்லை.

எட்டாவது தடவை பிச்சுமணி, “அண்ணனுக்கு எங்கிட்ட இருந்துதான் ஜலதோஷம் ஒட்டியிருக்கு. மதினி, ஒரு சுக்குக் காப்பி போடுங்களேன்” என்றான். ஆவுடைத்தங்கம் சிரித்தாள். சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தரம் போதும் என்று கேட்டவளுக்கு அன்று மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும் வரை இருபத்தாறு தரம் கிடைத்தது. ஒவ்வொரு தரமும் அவள் மெதுவாக “நூறு” என்று சொன்னாள், குழந்தை தும்மினால் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் பாட்டு முயற்சி நடந்தது. ஒரு நாளும் மூன்றாம் அடியைத் தாண்டவில்லை.

டாக்டர் சொன்னபடி தை பிறந்தது, வலது காதும் அடைத்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து கொழுந்தன்மாரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூவரும் சொம்பை நோக்கி நகர்ந்தால் அவர் தும்மிவிட்டார் என்று அர்த்தம். “நூறு” என்பாள். ஒரு நாளும் தப்பவில்லை.

மாசியில் ஒரு நாள் நல்ல வெயில். பாட்டு முதல் அடியில் இருக்கும்போதே பிச்சுமணிக்குத் தாகம் எடுத்தது. எழுந்து சொம்பை எடுத்தான்.

“நூறு” என்றாள் ஆவுடைத்தங்கம்.

தாண்டவன் ஊசியைத் தூக்கினான். மூவரும் உட்கார்ந்து குடித்தார்கள். அப்புறம்தான் கும்பலிங்கத்துக்குச் சந்தேகம் வந்தது.

“அண்ணே, பாட்டு முதல் அடியில்தானே இருந்துச்சு? அண்ணன் எப்பத் தும்மினாரு?”

“எனக்குக் கேக்கல” என்றான் தாண்டவன். “உனக்கு?”

“எனக்கும் கேக்கல. பிச்சு, உனக்கு?”

“இல்லை. ஆனா மதினிக்குக் கேட்டிருக்கே.”

தாண்டவன் யோசித்தான். அவன் யோசித்ததைக் கும்பலிங்கம் இந்தத் தடவை சந்தேகப்படவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் மூவரும் கோவில்பட்டி காது டாக்டரிடம் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

“மதினி காதுல விழுற சத்தம் எங்க மூணு பேருக்கும் கேக்க மாட்டேங்குது டாக்டர்” என்றான் தாண்டவன்.

டாக்டர் ஆவுடைத்தங்கத்தின் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தார். மூன்று பேரின் முகத்தையும் பார்த்தார். பிறகு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

மூவரும் அதை இன்றுவரை காலையிலும் சாயங்காலமும் விட்டுக்கொள்கிறார்கள்.